மயில்வாகனத்துக்குச் சொல்லவில்லை

ஸ்காபரோவில் மயில்வாகனம் என்று ஒரு மனிதர் இருந்தார், முப்பது வருசம் ஒரு பாண் பேக்டரியில் மாக் குழைக்கிற மெசினுக்குப் பக்கத்தில் நின்று ஓய்வுபெற்றவர், தான் போன கலியாணவீடுகளைவிடப் போகாத கலியாணவீடுகளைத்தான் அதிகம் ஞாபகம் வைத்திருந்தவர். எந்த வருசம், எந்த மண்டபம், எந்த வீட்டுக்காரன் என்ன குறை விட்டான் என்று ஒன்றும் பிசகாமல் சொல்லுவார், சொல்லி முடிய நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எனக்குச் சொல்லேல்லை, நான் போகேல்லை" என்பார். சொல்வது என்றால் அவருக்கு ஒரு முறை இருந்தது. வீட்டுக்கு நேரே வரவேண்டும், தட்டத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் கொண்டு வரவேண்டும், தேத்தண்ணி குடித்து முடிய எழும்பி நின்று, அவருடைய முகத்தைப் பார்த்து நாளும் இடமும் சொல்லவேண்டும். ரெலிபோனில் சொன்னால் அது சொன்னதாகாது. கோயில் வீதியில் கண்ட இடத்தில் சொன்னால் அது அவமானம். தபாலில் அட்டை அனுப்பினால் அது ஆயுளுக்கும் மறக்கக்கூடாத பகை.

அப்படி ஒரு அட்டையைத்தான் பதினாலு வருசத்துக்கு முதல் அவருடைய மனுசி இராசமலரின் தம்பி தயாபரன் அனுப்பினான். அவனுடைய மகள் ஆரணி பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு, மொன்றியலில். தயாபரன் அப்போது இரண்டு உணவகத்தில் கோப்பை கழுவி, மூன்றாவதில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன். "வர நேரமில்லாமல் போச்சாம் அவனுக்கு," என்று மயில்வாகனம் சொன்னார், "முத்திரை ஒட்ட நேரம் இருந்ததுதானே." அவர் போகவில்லை. அவர் போகாததால் இராசமலரும் போகவில்லை, ஏனென்றால் அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான். ஒரே தம்பியின் முகத்தை அவள் பதினாலு வருசம் பார்க்கவில்லை.

இப்போது ஆரணிக்குக் கலியாணம். மாப்பிள்ளை எத்தியென் என்று ஒரு கியூபெக் பொடியன். தயாபரன் குடும்பத்தோடு மொன்றியலை விட்டு, மேலும் வடக்கே, கல்மதில் சூழ்ந்த கியூபெக் நகரத்துக்குள் போய் ஒரு பெரிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரனாகிவிட்டிருந்தான். இந்தமுறை அவன் பிழை விடவில்லை. வைகாசி மாசக் கடைசியில் எண்ணூறு கிலோமீற்றர் தானே ஓட்டிக்கொண்டு, பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலைத் தட்டத்தோடு ஸ்காபரோவில் வந்து மணியை அடித்தான். ஜன்னலால் பார்த்த மயில்வாகனம் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கி, வீட்டைச் சூடாக்குகிற மெசினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும் என்ற முறை இருக்கிறது அல்லவா, முகத்தைக் காட்டாவிட்டால் எப்படிச் சொல்வான் என்று அவர் கணக்குப் போட்டார்.

"அத்தான் இல்லையோ அக்கா?"

"வெளியிலை போயிட்டார்," என்றாள் இராசமலர். வாசலில் அவருடைய இரண்டு சப்பாத்தும் இருந்தன.

அந்த நேரம் பார்த்து மெசினின் தூசி அவருடைய தொண்டையில் ஏறியது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஒரேயொரு இருமல். மேலே பேச்சு நின்றது. பிறகு தயாபரன் எழும்பிப் பேஸ்மென்ட் கதவடிக்கு வந்து நின்று, சந்தையில் மீன் விற்கிறவன்போல் குரலை உயர்த்தி, "அத்தான் வந்தால் சொல்லுங்கோ அக்கா! ஆனி பதின்மூண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலமை ஒன்பதரைக்கு முகூர்த்தம்! அவர் வராட்டி எனக்கு ஒருத்தரும் வரேல்லை மாதிரித்தான்!" என்றான். அவ்வளவும் மயில்வாகனத்துக்குத் துப்புரவாகக் கேட்டது. அவர்கள் போனபிறகு மேலே ஏறிவந்து, தட்டத்தைப் பார்த்து, "எனக்குச் சொல்லேல்லை," என்றார்.

இராசமலர் சண்டை பிடிக்கவில்லை. கல்கரியில் இருக்கிற மகனுக்கு ரெலிபோன் எடுத்து ஏதோ மெல்லக் கதைத்தாள். பிறகு பெட்டி அடுக்கினாள். "நான் பஸ்ஸிலை போறன்," என்றாள்.

பஸ்ஸில் போனால் நாலு சனம் என்ன சொல்லும்? அதனால் மயில்வாகனம் ஒரு தீர்ப்புச் சொன்னார்: தான் கொண்டுபோய் விடுவதாகவும், மதில்வாசலுக்கு வெளியிலேயே நிற்பதாகவும், சொல்லாத வீட்டுக் கலியாணத்துக்குத் தான் வெறும் டிரைவர்தான் என்றும்.

வியாழக்கிழமை விடிய வெளிக்கிட்டார்கள். நெடுஞ்சாலை முழுக்க அவர் குறை சொல்லிக்கொண்டே ஓட்டினார். கிங்ஸ்டனில் கோப்பி வெறும் தண்ணி என்றார். கோர்ன்வாலில் ஆறு ஆறுமாதிரி இல்லை என்றார். கியூபெக் எல்லைக்கு அப்பால் பலகையெல்லாம் பிரெஞ்சில் வரத் தொடங்க அவருக்கு வாய் இன்னும் நல்லாகத் திறந்தது.

"நில் எண்டுற பலகையைக்கூட உவங்கள் தங்கட பாசையிலைதான் வைச்சிருக்கிறாங்கள். பாரிசிலையே ஸ்டொப் எண்டுதான் கிடக்காம், என்ர ஒண்டுவிட்ட தம்பி சொன்னவன்."

"நீங்கள் ரண்டிலையும் நிக்கிறேல்லைத்தானே," என்றாள் இராசமலர், புட்டை அவித்துக் கட்டிக்கொண்டு வந்த பொதியை அவிழ்த்தபடி.

"கல்லை அடுக்கி வைச்சுப்போட்டுப் பாக்க வாங்கோ எண்டால் சனம் போகுதே, அதைச் சொல்லும். மதிலுக்குள்ளை ஒளிச்சிருந்து தோத்த ஊர் எண்டு கேள்வி. தோத்த மதிலை ஏன் பாப்பான்? வெண்ட மதிலைப் பார்."

"கதையாமல் வாயைத் திறவுங்கோ," என்று புட்டைக் குழைத்து ஊட்டினாள். அதற்கு அவர் குறை சொல்லவில்லை, வாய் நிறைய இருந்ததால்.

பின்னேரம் மூன்று மணிக்கு நகரம் வந்தது. சொன்னமாதிரியே மதிலுக்கு வெளியே, புல்வெளிக் கரையில் காரை நிறுத்தினார். இராசமலர் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குள் நடந்து, வளைவுக்குள் இருண்டு, அந்தப் பக்கம் வெளிச்சமாகி, மறைந்துபோனாள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவர் கண்டார், அவளுடைய பிரஷர் குளிசைப் போத்தல் கார் இருக்கையில் கிடந்தது.

தெரு வேறு, வீடு வேறு. தெருவுக்குள் போனால் கலியாணத்துக்குப் போனதாகாது. இப்படித் தனக்குத்தானே சட்டம் சொல்லிக்கொண்டு மயில்வாகனம் குளிசையோடு நடந்தார். வாசல் என்றால் கதவில்லாத வாசல். கல்லால் கட்டிய வளைவு, மேலே ஒரு கூர்த்தொப்பிக் கோபுரம், நடுவில் காரும் குதிரைவண்டியும் போக ஒரு பாதை, கரையில் ஆட்கள் நடக்க ஒரு பாதை. உள்ளே பன்னிரண்டு அடி நிழல். கல்லின் குளிர் காதில் பட்டது, அங்கால் சரிந்து இறங்கும் தெருவும் தொங்கும் பூச்சட்டிகளும் ஒரு பெண் நாயைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதும் தெரிந்தன. பதின்மூன்றாவது அடியை எடுத்து வைத்தார். வெயில் முகத்தில் அடித்தது. எதிரே அவருடைய சாம்பல்நிற ரொயோட்டா கார் நின்றது.

ஒருவழிப் பாதையாக்கும் என்று நினைத்தார். திரும்பி நடந்தார். பன்னிரண்டு அடி நிழல், பதின்மூன்றாவது அடி ரொயோட்டா. நடுப்பாதையால் போய்ப் பார்த்தார், ஒரு லொறிக்காரன் ஏசினான், ரொயோட்டா. மற்றப் பக்கத்துக் கரையால் போய்ப் பார்த்தார், ரொயோட்டா. இத்தனை நேரம், போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதருக்கு, போகமுடியாது என்று கண்டதும் பிடரி கொதித்தது. "போகமாட்டன் எண்டு சொல்லவேண்டியது நான். உது ஆர் என்னைத் தடுக்கிறதுக்கு?" என்று கல்லைப் பார்த்துக் கேட்டார்.

வாசலடியில் குதிரைவண்டியோடு நின்ற ரெயால் என்ற கிழவன் இதையெல்லாம் பைப் புகைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். மயில்வாகனத்தின் ஆங்கிலம் பேக்டரி ஆங்கிலம், ரெயாலின் ஆங்கிலம் உல்லாசப் பயணிகளிடம் பொறுக்கிய ஆங்கிலம்; இரண்டும் சேர்ந்து ஒரு முழுப் பாசைக்குக் காணும்.

"நீர் வெளியிலை போற ஆள்," என்றான் ரெயால், தடிமன் பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோல. "இடைக்கிடை ஒருத்தர் வாறவர். போனமுறை வந்தது ஒரு பாதிரியார். ஒன்பது நாள் நிண்டார்."

"பிறகு?"

"பிறகு மழை வந்தது. வீட்டுக்குப் போயிட்டார்."

குளிசையை ரெயால் வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தான். மயில்வாகனம் மதிலைச் சுற்றி நடந்து மற்ற மூன்று வாசலையும் பார்த்தார். மூன்றும் அவரை அதே மரியாதையோடு வெளியே விட்டன, அதிலும் ஒரு வாசல் மலைச்சரிவில் இருந்ததால் விட்ட வேகத்தில் பத்தடி ஓடிப்போய் ஒரு குப்பைத்தொட்டியைப் பிடித்துத்தான் நின்றார்.

அடுத்தநாள் காலை, இரவு தங்கிய மோட்டலில் இருந்து வந்து பார்த்தால், நகரசபையிலிருந்து மஞ்சள் அங்கி போட்ட பெண் ஒருத்தி படிவத்தோடு நின்றாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை தரம் வெளியேறுவதாக உத்தேசம் என்று கேட்டாள். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து வருகிற ஆட்களோடு அவர் மோதாதபடி கரைப்பாதையில் செம்மஞ்சள் கூம்பு நாலு வைத்தாள், புல்லில் அவர் இருக்க ஒரு வாங்கு போடுவித்தாள், போகும்போது குனிந்து வணக்கம் சொன்னாள். பத்து மணிக்குக் கொடி பிடித்த வழிகாட்டி ஒருவன் முப்பது சீனரோடு வந்து, பீரங்கியைக் காட்டி, கோபுரத்தைக் காட்டி, மயில்வாகனத்தையும் காட்டி, தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மத்தியானம் எதிர்க்கடைக்காரி உருளைக்கிழங்குப் பொரியலுக்குமேல் குழம்பை ஊற்றிப் பாற்கட்டியும் போட்டு ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்ல பொரியலை நனைச்சுக் கெடுத்துப்போட்டுச் சாப்பிடெண்டு தாறாள்," என்று சொல்லிக்கொண்டு தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

வெள்ளி பின்னேரமும் சனியும் சொந்தக்காரர் வான்களில் வந்து இறங்கினார்கள், மொன்றியலில் இருந்தும், ரொறன்ரோவில் இருந்தும், ஒரு கூட்டம் பாரிசில் இருந்தும். கலியாணத்துக்கு வந்த சனம் முதலில் பார்க்கப்போனது பொம்பிளையையும் இல்லை, மாப்பிள்ளையையும் இல்லை.

"மயிலண்ணை, ஒருக்கா உள்ளை போயிட்டு வாங்கோ பாப்பம்."

"நான் என்ன கூத்துக்காரனோ?"

"சரி, சரி, கோவிக்காதேங்கோ. தயவுசெய்து ஒருக்கா."

தயவுசெய்து என்று சொன்னால் போவார். பன்னிரண்டு அடி, பதின்மூன்றாவது அடி, வெளியே. சனம் கைதட்டாது, அவர்கள் கைதட்டுகிற சனமில்லை. "நான் சொன்னனான்தானே, இடது காலாலை வாறார்" என்று ஒருவன் சொல்ல, "வலது கால்" என்று மற்றவன் சொல்லுவான். ஒருவர் சனிமாற்றம் என்றார். ஒருவர், கியூபெக் ஆரும் அறியாமல் தனிநாடாகப் போய்விட்டது, இது விசாப் பிரச்சினை என்றார். மொன்றியலில் வான் ஓட்டுகிற வேல்முருகு, "உதென்ன பெரிய வேலை" என்று அவரை வானின் நடு இருக்கையில் ஏற்றி, இரண்டு பக்கமும் இரண்டு தடிப்பான ஆட்களை இருத்தி, பட்டியையும் பூட்டி, விசுக்கென்று உள்ளே ஓட்டினான். உள்ளே போய் நிறுத்திப் பார்த்தபோது பட்டி பூட்டினபடி இருந்தது, இரண்டு தடிப்பான ஆட்களும் நடுவில் இருந்த காற்றை நெருக்கிக்கொண்டு இருந்தார்கள், மயில்வாகனம் வெளியே புல்லில் நின்று, ஏறும்போது கையில் வைத்திருந்த வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கலியாணத்துக்கு வந்த ஐயர் பூசணிக்காய் உடைத்தார், சப்பாத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்தார், மூன்று தரம் மந்திரம் சொன்னார், கடைசியில் தோஷம் வாசலில் இருக்கிறது, ஆளில் இல்லை என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

இதற்குள் பெண்டுகள் இடியப்பமும் சம்பலும் சொதியும் பெட்டியில் கொண்டுவரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் வாங்கில் இருந்து சுகம் விசாரித்தார்கள், போகும்போது சொல்லிவிட்டுப் போனார்கள். முப்பது வருசமாக அவருடைய வீட்டு மணியை அடிக்காத சனம் முழுக்க வரிசையில் நின்று நேரே வந்து முகத்தைப் பார்த்துக் கதைத்தது. மயில்வாகனம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து இருக்கத் தொடங்கினார். வாசலை முயற்சிப்பதையும் குறைத்துக்கொண்டார். சம்பலுக்கு உப்புக் கூட என்று சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு மினுக்கம் இருந்தது, பொம்பிளையின் முகத்திலும் அது இருந்திருக்காது.

இராசமலர் ஒரு நாளில் மூன்று தரம் வெளியே வந்தாள். சோறு கொண்டு வருவாள், பக்கத்தில் இருப்பாள், திரும்பிப் போவாள். வாசல் அவளை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போகப் போக அவள் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் இளமையாகிக்கொண்டு வருவதாக ரெயால் சொன்னான். அதில் மாயம் ஒன்றுமில்லை, தம்பி வீட்டில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சனி மத்தியானம் தயாபரனே வந்தான். தலை நரைத்திருந்தது. பெண்சாதி பக்கத்தில், கையில் அதே வெற்றிலைத் தட்டம். சனமெல்லாம் கூடிநிற்க, நேரே நின்று, முகத்தைப் பார்த்து, "அத்தான், நாளைக்கு ஒன்பதரைக்கு. நீங்கள் கட்டாயம் வரவேணும்," என்றான்.

"இப்பதான் ஞாபகம் வந்ததோ?" என்றார் மயில்வாகனம். ஆனால் தட்டத்தைத் தொட்டார். முறை முடிந்தது. இனிப் பிரச்சினை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். தயாபரன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குள் நடந்தான். பன்னிரண்டு அடி. பதின்மூன்றாவது அடியில் தயாபரன் வெறும் விரல்களை மடக்கிப் பிடித்தபடி உள்ளே நின்றான், மயில்வாகனம் சனத்தின் முன்னால் வெளியே நின்றார்.

தயாபரன் ஓடிவந்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பரவாயில்லை அத்தான். நீங்கள் உள்ளை வரேலாட்டி நாங்கள் வெளியிலை வாறம். உந்தப் புல்லிலை மணவறையைப் போடுவம். ஐயரிட்டைச் சொல்லுறன்."

சனத்துக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. கதிரை எத்தனை, கூடாரம் எங்கே என்று கதை தொடங்கிவிட்டது. மயில்வாகனம் வாங்கில் சாய்ந்து, "எனக்காண்டி ஒருத்தரும் கஸ்டப்படவேண்டாம்," என்றார், கஸ்டப்படுங்கோ என்று கேட்கிற குரலில்.

"ஒருத்தரும் வெளியிலை வரவேண்டாம்," என்றது ஒரு குரல். வளைவின் நிழலில் இராசமலர் நின்றாள். "தயா, நீ உள்ளை போ. பிள்ளை உள்ளைதான் மணவறையிலை இருக்கவேணும். எல்லாரும் போங்கோ. நான் இவரோடை ஒரு கதை கதைக்கவேணும்."

சனம் விலகியது, காது கேட்கிற தூரத்துக்குத்தான். அவள் முறைத்துப் பார்க்க, மிச்சத் தூரமும் விலகியது. அவள் வாங்கில் இருக்கவில்லை.

"நீங்கள் வெளியிலை நிண்டு நிண்டே எல்லாரையும் வெளியிலை இழுக்கிறியள். நாப்பத்தொரு வருசம் என்னையும் இழுத்து வைச்சிருந்தியள்."

"இஞ்சாரும், நானே வரமாட்டன் எண்டனான்? கல்லுத்தான் விடுதில்லை. உமக்கும் காட்டினனான்தானே. அவனும் இண்டைக்குத்தான் முறையாச் சொன்னவன்—"

"அவன் வைகாசியிலை சொன்னவன்." அவள் குரலைத் தணித்தாள். "நீங்கள் பேஸ்மென்டிலை நிண்டது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூண்டாவதா இந்தக் கல்லுக்கும் தெரிஞ்சுபோச்சு. சனத்துக்கு நான் சொல்லமாட்டன். அது உங்கட பாடு. நாளைக்கு ஒன்பதரைக்குத் தாலி. பன்னிரண்டு மணிக்குப் பந்தி. பந்திக்கு நீங்கள் வராட்டி, நான் தம்பியோடை இஞ்சையே இருக்கப்போறன். கல்கரிக்கும் சொல்லிப்போட்டன்."

"அப்ப காரிலை நான் தனியவோ போறது?"

"பக்கத்துச் சீற்றிலை உங்கட குறையளை ஏத்திக்கொண்டு போங்கோ. பட்டி பூட்ட மறந்துபோடாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு மாப்பிள்ளை எத்தியென் தலைப்பாகையோடு ரெயாலின் வண்டியில் வந்தான். தலைப்பாகை ஒரு சுற்றுப் பெரிது, காதுகளில் தங்கி நின்றது. குதிரைக்கும் மாலை போட்டிருந்தார்கள். மேளமும் நாதஸ்வரமும் முன்னால் போக, சேலைகளும் வேட்டிகளும் கோட்டுகளும் பின்னால் போக, ஊர்வலம் முழுக்க வளைவுக்குள் இருண்டு அந்தப் பக்கம் வெளிச்சமாகிப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மஞ்சள் அங்கிப் பெண்ணும் வரவில்லை. வழிகாட்டி தன் கூட்டத்தோடு வந்து பார்த்தான், வாங்கில் இருந்தவர் எழும்பாததால், இன்றைக்கு இல்லை என்று கையை விரித்துச் சொல்லி, அவர்களையும் கலியாணம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான்.

மயில்வாகனம் தனியே இருந்தார். அவருக்கு அது புதிதில்லை என்றுதான் நினைத்தார். ஆனால் முந்தி வீட்டில் இருந்து கலியாணத்துக்குப் போகாமல் விட்டவருக்குப் பக்கத்துக் கதிரையில் இன்னொருத்தியும் போகாமல் இருந்தாள், அவர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு, காய் நறுக்கிக்கொண்டு. இன்றைக்கு வாங்கின் மற்றப் பாதியில் ஒரு புறா வந்து நின்று அவரைப் பார்த்துவிட்டுப் போனது. எண்ணூறு கிலோமீற்றரும் இனி யாருக்கு ஆற்றைப் பற்றிச் சொல்வது, கோப்பியைப் பற்றிச் சொல்வது?

ஒன்பதரைக்குக் கெட்டிமேளம் மதிலைத் தாண்டிக் கேட்டது. எழும்பி நடந்தார். ரொயோட்டா. கோபத்தோடு நடந்தார், ரொயோட்டா. கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரை நினைத்து நடந்தார், ரொயோட்டா. அதன் கண்ணாடியில் புறா தன் வேலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. பதினொரு மணி ஆனது, பதினொன்றரை ஆனது. சமையல் மணம் வளைவால் இறங்கி வந்தது. வெங்காயம் தாளித்த மணம். தயாபரனின் கை என்று தெரிந்தது, அவன் ஊரில் சின்னப் பொடியனாக இருக்கும்போதே அடுப்படியில் நின்றவன்.

மயில்வாகனம் வாசலில் போய் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. இருந்தும் முதலில் மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் வீட்டிலைதான் இருந்தனான்."

பிறகு தொண்டையைச் செருமி நெஞ்சை நிமிர்த்தினார்.

"தயா!" என்று கத்தினார். பதினாலு வருசமாக வாயில் எடுக்காத பெயர், துருப்பிடித்த இரும்புக் கேற் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. "நான் அண்டைக்கு வீட்டிலைதான் இருந்தனான்! மெசினுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டனான்! நீ சொன்னது எனக்குக் கேட்டது! ஆனி பதின்மூண்டு, ஒன்பதரை, எல்லாம் கேட்டது! எனக்குச் சொன்னது! எனக்குச் சொன்னதடா!"

வளைவு அதை வாங்கி, பெரிதாக்கி, தெருவுக்குள் அனுப்பியது. பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். வாயை மூடு என்று இருக்கலாம், வாருங்கள் என்றும் இருக்கலாம். அவர் நடந்தார். பன்னிரண்டு அடி நிழல். பதின்மூன்றாவது அடி வைத்தார். சப்பாத்துக்கு அடியில் சரிவான கல்லுத்தெரு இருந்தது. பதினாலாவது அடியும் வைத்தார். பிறகு எண்ணுவதை விட்டார்.

தெரு ஒன்றும் பெரிய விசயமில்லை. இதற்குத்தானோ இவ்வளவு எடுப்பு என்று நினைத்துக்கொண்டு மேளச்சத்தம் வந்த பக்கம் போனார். பழைய கட்டடம் ஒன்றின் அடியில், படி இறங்கிப் போகிற கல் மண்டபம். பார்த்தால் அதுவும் ஒரு பேஸ்மென்ட். வாசலில் பன்னீர் தெளிக்க ஒருவரும் நிற்கவில்லை, சந்தனக் கும்பாவும் காய்ந்துபோய்க் கிடந்தது. வேறொரு நாளென்றால் அந்த இரண்டுக்கும் சேர்த்துப் பத்து வருசப் பகை வைத்திருப்பார், கால்கூட ஒருதரம் பின்னுக்குத் திரும்பப் பார்த்தது. தானே சந்தனத்தை எச்சில் தொட்டுக் குழைத்துப் பூசிக்கொண்டு இறங்கினார்.

பந்தி தொடங்கிவிட்டது. ரெயால் கையால் சோறு குழைத்துக்கொண்டிருந்தான். முப்பது சீனரும் வாழையிலையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை, வேல்முருகு மட்டும் அவரைக் கண்டுவிட்டு, "ஐயோ, மயிலண்ணை உள்ளை வந்திட்டார், இனி என்னத்தைப் பாக்கிறது?" என்று கவலைப்பட்டான்.

குசினிக் கதவுக்குப் பக்கத்து மேசையில் இராசமலர் இருந்தாள். பக்கத்துக் கதிரையில் அவளுடைய கைப்பை. அவர் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"தயா."

"எப்ப?"

"வைகாசிக் கடைசியிலை. நான் கீழை இருக்கேக்கை."

பக்கத்து மேசையில் சாப்பாடு நின்றது. அவர் அதை மெதுவாகவும் சொல்லவில்லை. இராசமலர் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். அவர் இருந்தார். இலை வந்தது, சோறு வந்தது, பிறகு சாம்பார் வாளியோடு தயாபரனே வந்தான், பட்டு வேட்டியும் வியர்வையுமாக. குனிந்து ஊற்றும்போது அவருடைய காதடியில் கேட்டான்:

"அத்தான், அந்த இருமல் இப்ப சுகமோ?"

மயில்வாகனம் சோற்றைக் குழைத்து ஒரு வாய் வைத்து, நன்றாக மென்று விழுங்கினார்.

"புளி காணாது," என்றார். "இன்னும் கொஞ்சம் விடு."